கறிக் கிண்ணம்

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தால் அதுவே ஒரு சிறு நூல்நிலையமாகிவிடும். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். கணவனைப் பிரிந்திருந்த நாள்களில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேனே என்றுதான் சிலப்பதிகாரத்துக் கண்ணகி வருந்துகிறாள். பண்டிகை உணவுக்கும் பாட்டுண்டு. ஆடிக்கூழை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடிவைத்திருக்கிறார். ஆனால், அன்றாடம் ஆக்கிய கறியில் ஓர் அகப்பை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோமே, அந்தச் சிறு செயலுக்கு இலக்கியத்தில் இடம் மிகக் குறைவு. அதற்கென ஒரு தனிப்பெயர் கூட நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

விருந்தென்றால் இலை போட வேண்டும். நாள் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் வாயிலில் நிற்க வேண்டும். தானமென்றால் கொடுப்பவர் கை மேலே இருக்கும். வாங்குபவர் கை கீழே இருக்கும். நான் சொல்லும் செயலில் இவை ஒன்றுமில்லை. "கத்தரிக்காய்ப் பால்கறி வைச்சனான், உங்களுக்குப் பிடிக்குமெண்டு கொண்டு வந்தனான்" என்ற ஒரு வார்த்தையோடு காரியம் முடிந்துவிடும். இரண்டொரு நாளில் அந்தக் கிண்ணம் திரும்பி வரும். வெறுமையாக வராது. வேறொரு கறி இருக்கும். கறியில்லாத நாளில் இரண்டு தேசிக்காயோ, கைப்பிடி பச்சை மிளகாயோ, அதுவுமில்லையேல் சிறிது சீனியோ இருக்கும். வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

இவ்வழக்கத்தை நான் நெடுங்காலம் ஓர் இனிய பழக்கமாக மட்டுமே எண்ணியிருந்தேன். அதனுள்ளே எத்துணை நுட்பமான அறம் அடங்கியிருக்கிறது என்பதைக் கப்பல்துறைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கற்பித்த நாள்களில், அதுவும் ஒரு தவறு செய்த பின்னரே உணர்ந்தேன்.

ஊரும் அடுக்களையும்

கப்பல்துறை என்ற பெயரைக் கேட்பவர்கள் அங்கே பாய்மரங்களும் நங்கூரங்களும் இருக்குமென எதிர்பார்ப்பர். திருகோணமலையிலிருந்து கண்டி வீதி வழியே வருபவர் கண்ணிற் படுவன பற்றைக்காடும், சிறு வீடுகளும், வேலியோரத்து முருங்கையுமே. எனினும் அதன் இருப்பிடம் விசேடமானது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் திருகோணமலைத் துறைமுகம் அதற்கு அணித்தாக உள்ளது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்கள் ஒருபுறம். சீனக்குடாவும் அதனைக் கடந்தாற் கிண்ணியாவும் மற்றொருபுறம். கடலும் வயலும் காடும் ஒரு மணி நேரப் பயணத்துள் அடங்கும். ஆதலின், இப்பகுதிப் பாடசாலையொன்றின் ஆசிரியர் அறையில் இடைவேளை மணி அடித்ததும் திறக்கப்படும் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்தாலே மாவட்டத்தின் படத்தைப் பார்த்ததாகிவிடும்.

எங்கள் அறையில் நால்வர் ஒரு மேசையில் இருப்போம். தம்பலகாமத்திலிருந்து ஒருவர் வருவார். அவர் பெட்டியில் சொந்த வயல் அரிசியிற் செய்த புட்டு இருக்கும். கிண்ணியாவிலிருந்து ஒருவர்; எருமைத் தயிரும் மீன் பொரியலும் அவர் கொண்டுவருவன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அவர் பாதையில் ஏறி நீரைக் கடந்து வந்தவர். கையிலிருந்த தயிர்ச்சட்டி அலையிற் சாயாமற் காப்பதே தன் முதற்கடமையாக இருந்ததென்று சொல்லிச் சிரிப்பார். கந்தளாயிலிருந்து வரும் சிங்கள ஆசிரியை இரண்டாம் மொழி கற்பிப்பவர். அவருடைய தேங்காய்ச் சம்பலின் காரம் எங்கள் எல்லோரையும் தண்ணீர்க் குவளையை நோக்கி ஓடச் செய்யும். நான்காமவள் நான், நகரத்திலிருந்து இடியப்பமும் சொதியும் கொண்டு போகிறவள்.

இம்மாவட்டம் பட்ட இடர்கள் சிறியன அல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1964 டிசம்பரில் பெரும்புயல் அடித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இவற்றினும் கொடியது 2009வரை நீடித்த போர். அது ஒரே வீதியில் வாழ்ந்தோரை ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கச் செய்தது. அத்தகைய மண்ணில் மூன்று சமூகத்தார் ஒரு மேசையிலிருந்து உண்பது தானாக வந்துவிடுவதன்று. அதற்குச் சில எழுதாத விதிகள் இருந்தன. வெள்ளிக்கிழமைகளிற் சைவர் இருக்கும் மேசைக்கு மீன் வராது. கிண்ணியாத் தோழிக்கு இறைச்சி எதையும் நாங்கள் நீட்டுவதில்லை. மரக்கறியாயின் தயங்காமற் பரிமாறுவோம். பௌர்ணமிக்கு முதல் நாள் கந்தளாய்த் தோழியிடம், "நாளை விகாரைக்கு என்ன சமைக்கிறீர்கள்?" என்று கேட்போம். நோன்பு மாதம் வந்தபோது நாங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே போக எழுந்தோம். கிண்ணியாத் தோழி தடுத்தார்.

"ஏன் டீச்சர் எழும்புறீங்க? இருந்து சாப்பிடுங்க. நோன்பு எனக்குத்தானே!"

அன்று மாலை அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறைய நோன்புக் கஞ்சி எங்களுக்கு வந்தது. இறைச்சி சேராமல், தேங்காய்ப்பாலும் வெந்தயமும் பூண்டும் இட்டுத் தனியே காய்ச்சியது. பிறர் விலக்குவதை நினைவிற் கொண்டு சமைப்பதினும் பெரிய மரியாதை வேறுண்டோ?

கறியோடு வந்த பக்குவம்

கறி தனியே வருவதில்லை. அது செய்யும் பக்குவமும் கூடவே வரும். "இது எப்படி வைச்சது?" என்ற கேள்வியே நல்ல கறிக்கு நாம் அளிக்கும் பரிசு.

எனது சொதி ஏன் திரைந்து போவதில்லை என்று கந்தளாய்த் தோழி கேட்டார். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் ஆகியவற்றை இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் அவியவிட்டு, முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி தலைகாட்டியதும் இறக்கிவிட வேண்டும். தேசிப்புளியைச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிச் சூடு சற்றுத் தணிந்த பின்னரே விட வேண்டும். கடுஞ்சூடும் புளிப்பும் ஒருங்கே சேர்ந்தால் பாலிலுள்ள புரதம் கட்டிபட்டு நீர் வேறு பால் வேறாகிவிடும். என் அன்னை "புளியை அவதிப்பட்டு விடாதே" என்று மட்டுமே சொல்வார். காரணத்தை நான் பின்னாளிற் புத்தகத்திலிருந்து கற்றேன். பக்குவம் அதற்கு முன்னரே கையில் இருந்தது.

சில குறிப்புகள் சுவைக்கானவை, சில உயிருக்கானவை. மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் நடுப்பகுதியில் இலங்கையில் அரிசிக்கும் மாவுக்கும் பெருந்தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ வீடுகளைக் காத்தது இக்கிழங்குதான். ஆயின், அதனுள் சயனைட்டு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு. தோலை நன்றாக நீக்கி, துண்டுகளாக்கி, நிறைய நீரில், சட்டியை மூடாமல் அவித்து, அந்நீரை வடித்து ஊற்றிவிட வேண்டும். மூடாமல் அவிக்கும்போது நஞ்சு ஆவியோடு வெளியேறுகிறது. இக்கிழங்கை உண்ணும் நாளில் இஞ்சியைக் கிட்டவும் கொண்டு வராதே என்பது எங்கள் முதியோர் கூறும் மற்றொரு விதி. வேதியியல் கல்லாத பாட்டிமார், "மூடாதை பிள்ளை" என்ற இரண்டு சொல்லில் அவ்வறிவைக் காத்துக் கைமாற்றி வந்திருக்கின்றனர். அச்சொல் ஒரு தலைமுறையில் அறுந்துபோனால் என்னவாகும்? இல்லாமை மீண்டும் வரும் நாளிற் கிழங்கு இருக்கும். அதை உண்ணும் அறிவு இராது.

அந்த நாள் நாம் எண்ணியதினும் விரைவில் வந்தது.

அடுப்பு அணைந்த ஆண்டு

2022ஆம் ஆண்டை இலங்கையில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதால் நெல் விளைச்சல் வீழ்ந்திருந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தமையால் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் பெற்றோலும் கிடைக்கவில்லை. மார்ச்சு மாத இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை, முந்தைய ஆண்டினும் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. பத்துப் பேரில் மூவர், அதாவது ஏறத்தாழ 63 இலட்சம் மக்கள், போதிய உணவுக்கு உறுதியின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது.

இவ்வெண்கள் செய்தித்தாளில் வந்தவை. எங்கள் மேசையில் அது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

விட்டுவிட்டு நடந்த பாடசாலைக்கு எப்படியோ வந்து சேர்ந்துகொண்டிருந்தோம். பெட்டிகள் சிறுத்தன. மீன் போய்க் கருவாடு வந்தது. கருவாடும் போய்ச் சம்பல் மட்டுமாயிற்று. அந்நாள்களில் எங்கள் அறையில் இருந்தவருள் ஒருவர், அவர் எவ்வூரினர் எச்சமூகத்தவர் என்பதை இங்கே சொல்லேன், இடைவேளையிற் பெட்டியைத் திறப்பதை நிறுத்தினார். "வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன்" என்பார். நம்பினோம். ஒருநாள் நான் சுவை பார்க்கவென்று கொடுத்த பயற்றங்காய்க் கறியை அவர் உண்ணாமல், யாரும் பார்க்காத வேளையில் தம் பெட்டியினுள் இட்டு மூடியதைக் கண்டேன். வீட்டிற் பிள்ளைகள் இருவர் இருப்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லதென்று எண்ணியே செய்தேன். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் வாழையிலையிற் கட்டி, அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துத் தனியே கையிற் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்; நன்றியும் சொன்னார். அடுத்த இரு நாள்களும் இடைவேளையில் அவர் அறைப்பக்கமே வரவில்லை. குழாயடியில் நீர் அருந்திவிட்டு வகுப்பறையிலேயே இருந்துகொண்டார்.

நடந்ததைக் கிண்ணியாத் தோழியிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "தனியாக் கூப்பிட்டுக் குடுத்தா ஆரு டீச்சர் வாங்குவாங்க? நடுவுல வைங்க" என்றார்.

நடுவில் வைப்பது. அவ்வளவுதான் அவர் சொன்ன வழி. இத்தனை காலம் கிண்ணம் கொடுத்து வாங்கியும் அதன் பொருளை நான் அறிந்திலேன். அயல்வீட்டுக் கிண்ணத்தில் அடங்கிய அறம், வாங்குபவரும் கொடுப்பவராக இருப்பதே. நான் கொடுத்த பொட்டலத்திற்குத் திரும்பும் வழி இல்லை. அதனால் அது தானமாகிவிட்டது, தோழி அகன்றுவிட்டார்.

நடுவில் வைத்த சோறு

அடுத்த திங்கட்கிழமை புதிய ஏற்பாடு தொடங்கியது. ஒருவரும் முழு உணவு கொண்டுவரக் கூடாது. ஆளுக்கு ஒன்றே ஒன்று. ஒருவர் சோறு, ஒருவர் தேங்காய், ஒருவர் புளியோ தயிரோ, ஒருவர் கறி. எல்லாவற்றையும் மேசை நடுவே ஒரே பெரிய இலையில் வைத்து, அவரவர் எடுத்துக்கொள்வது. எவர் எவ்வளவு கொணர்ந்தார் என்பது இலையில் கலந்தபின் எவர்க்கும் தெரியாது. எஞ்சியதை ஆளுக்கொரு பெட்டியாகப் பங்கிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் விதியாயிற்று.

விலகியிருந்த தோழியிடம் கீரை கொண்டுவரும் பொறுப்பைக் கொடுத்தோம். அவர் கீரை அறிவில் வல்லவர் என்பது அதன் பின்னரே எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் நாள்தோறும் மிதித்துச் சென்ற பாதையோரத்தில் அவர் ஒரு மரக்கறிச் சந்தையையே கண்டார். பொன்னாங்காணியும் சாரணையும் நிலத்திலிருந்து வந்தன. முசுட்டையும் குறிஞ்சாவும் வேலியிலிருந்து வந்தன. முருங்கையும் அகத்தியும் கேட்ட வீட்டிலெல்லாம் கிடைத்தன. அவர் சொன்ன வறைப் பக்குவம் இது: இலையை முதலிற் கழுவ வேண்டும், அரிந்த பின் கழுவலாகாது, நூலாக அரிய வேண்டும், சிறிது வெங்காயமும் மிளகாயும் வதங்கிய தாச்சியில் இலையை இட்டு, மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பூவும் தூவி, நன்றாகக் கிளறி, பசுமை மாறுமுன் இறக்க வேண்டும். விறகு நாலு சுள்ளி போதும். எரிவாயு இல்லாத நாளில் இதைவிட உகந்த கறி வேறேது?

கந்தளாய்த் தோழி, குளிர்சாதனப் பெட்டி அணைந்து கிடந்த அந்நாள்களில், தம் பாட்டியின் அம்புல் தியலைக் கொண்டுவந்தார். கொறக்காய்ப் புளியை அரைத்து மிளகும் உப்பும் சேர்த்து மீன் துண்டுகளிற் பூசி, நீர் வற்றும்வரை மெல்லிய தணலில் வேகவிடுவது. கடும்புளிப்பினால் அது சில நாள்கள் கெடாதிருக்கும். கிண்ணியாத் தோழி ஒரு சுண்டு அரிசியிற் பத்துப் பேர் குடிக்கும் கஞ்சி காய்ச்சக் காட்டித் தந்தார். தம்பலகாமத் தோழி, குத்தரிசியை இரவே ஊறவைத்தால் விறகு பாதியாகக் குறையும் என்றார். நான், போர்க்காலத்தில் ஐரோப்பிய மக்கள் கொதித்த பானையை வைக்கோற் பெட்டிக்குள் புதைத்து, அடுப்பின்றியே மீதி வேக்காட்டை முடித்த செய்தியைச் சொன்னேன். மறுநாளே பழைய சாக்குகளும் போர்வையும் கொண்டு அதனைச் செய்து பார்த்தோம், சோறு வெந்தது.

இவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் மட்டும் இருந்த அறிவு. நடுவில் வைத்தபோது நான்கு வீட்டுக்கும் உரியதாயிற்று. அங்கிருந்து இன்னும் எத்தனை அடுக்களைக்குச் சென்றதோ அறியேன். சோற்றைப் பகிர்ந்தாற் பங்கு குறையும். பக்குவத்தைப் பகிர்ந்தால் எவர் பங்கும் குறைவதில்லை.

இப்பகுதியின் பழைய வரலாற்றிலும் இதற்கொரு பாடம் உண்டு. துறைமுகத்திற்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில், 1660ஆம் ஆண்டு கண்டி மன்னன் ஆள்களாற் சிறைப்பட்டவர் ஆங்கிலக் கப்பலோட்டி இராபர்ட் நொக்சு. பத்தொன்பது ஆண்டு கழித்துத் தப்பிச் சென்று, 1681இல் அவர் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. கைதிகளுக்கு உணவளிக்கும் பொறுப்பை மன்னன் ஊர்மக்கள் மேற் சுமத்தியிருந்ததை அதில் அவர் எழுதுகிறார். சோறும் உப்பும் சிறிது இலைக்கறியும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் அதையே நல்ல உணவென இந்நாட்டு மக்கள் கொண்டனர் என்றும் குறிக்கிறார். ஏறத்தாழ நாம் 2022இல் உண்டதும் அதுவே! கட்டளையால் வந்த சோறு நொக்சின் உயிரைக் காத்தது. ஆயினும் அவர் இறுதிவரை கைதியாகவே இருந்தார்.

புறநானூற்றிலே இரு புலவர்கள் இப்பொருளைத் தொட்டிருக்கின்றனர். வறுமையில் உழன்ற பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்ற பரிசிலோடு வீடு வந்ததும், மனைவியிடம் அதனை எல்லார்க்கும் கொடுக்கச் சொல்கிறார். என்னைக் கேட்கவும் வேண்டா, நாளைக்கென வைத்துக்கொள்ளவும் வேண்டா என்கிறார். அவர் மனைவிக்குக் கடன் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தவர்களும் அப்பட்டியலில் உள்ளனர் என்பதைக் கவனிக்க வேண்டும். அது கிண்ணம் திரும்பும் காட்சியேயன்றோ? மற்றவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள் இருப்பதாலேதான் இவ்வுலகம் நிலைக்கிறது என்பது அவர் கருத்து. கடலில் மறைந்த ஒருவர் சொல்லிச் சென்றதை, கடலோர மாவட்டத்து ஆசிரியை ஒருத்தி இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒரு கீரை வறையின் முன்னிருந்து விளங்கிக்கொண்டேன்.

இன்று எரிவாயு கிடைக்கிறது. பெட்டிகளில் மீனும் முட்டையும் திரும்ப வந்துவிட்டன. இளம் ஆசிரியைகள் சமையற் குறிப்பைக் கைபேசியிற் பார்க்கின்றனர். அதிலே குற்றமில்லை, நானும் பார்ப்பதுண்டு. ஆனால் ஒருவர் பெட்டியைத் திறக்காதிருப்பதை அருகிலிருப்பவரே கவனிக்க வேண்டும். அதற்காகவேனும் பெட்டிகள் ஒரே மேசையில் திறக்கப்பட வேண்டும்.

கீரை கொணர்ந்த தோழி பின்னர் இடமாற்றம் பெற்று வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டார். புறப்படுமுன் எனக்கு ஒரு கிண்ணத்தில் குறிஞ்சா வறை கொடுத்துவிட்டுப் போனார். அக்கிண்ணம் இன்னும் என் அடுக்களைத் தட்டில் இருக்கிறது. வெறுமையாகத் திருப்பலாகாது. வருகிற சனிக்கிழமை அவ்வூர்ப் பக்கம் போகும் ஒருவர் கொண்டு செல்ல இசைந்திருக்கிறார். முசுட்டையிலை வறை செய்து அனுப்ப எண்ணியுள்ளேன். அவர் சொல்லித் தந்த அதே பக்குவப்படி, இலையை அரியுமுன் கழுவி.